நான் கையெழுத்திடாத பதினொரு அட்டைகள்: எங்கள் சாரணர் குழுச் சபைக்கு ஒரு திறந்த மடல்

அதிபர் அவர்களுக்கும், எங்கள் பாடசாலைச் சாரணர் குழுச் சபையின் உறுப்பினர்களுக்கும்,

கடந்த ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1 மணிக்கு முடிந்த ஒரு நிகழ்வின் மூலம், எங்கள் துருப்பைச் சேர்ந்த 27 சிறுவர்கள் வெளிக்களத் திறன்களிலும் முதலுதவியிலும் தேறியவர்களாகப் பதிவு செய்யப்பட்டார்கள். அவர்களுள் 11 பேரின் முன்னேற்ற அட்டைகள் கையெழுத்துக்காக என்னிடம் தரப்பட்டன. நான் கையெழுத்திடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பதினொன்றிலும் வேறொருவரின் கையெழுத்து இருந்தது.

அது ஒரு முறை நடந்த அவசர ஏற்பாடு என்று எண்ணி அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால், கடந்த வாரம் பெற்றோருக்கு அனுப்பப்பட்ட சுற்றறிக்கை அந்த ஏற்பாட்டையே இனி நிலையான முறையாக அறிவித்திருக்கிறது. இரவு தங்கும் பாசறைகள் மறு அறிவித்தல் வரை நடைபெறமாட்டா என்றும், வெளிக்களத் தேர்வுகளும் முதலுதவித் தேர்வும் பாடசாலை வளவுக்குள் ஒரே நாளில் நடத்தி முடிக்கப்படும் என்றும், பிள்ளைகள் தங்கள் விருதுகளை வயதெல்லைக்குள் பெறுவதற்கு இது உதவும் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இதுபற்றிச் சபைக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. ஆதலால் மூன்றாவது கடிதத்தை எல்லோரும் படிக்கும் விதமாக எழுதுகிறேன்.

நான் வைத்தியனல்லன், புறக்கோட்டையில் ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுதுபவன். இதே துருப்பில் சிறுவனாகச் சேர்ந்து, பின்னர் 14 ஆண்டுகளாக உதவிச் சாரணத் தலைவனாக இருந்து வருபவன். இந்தக் காலத்தில் என் கண்ணால் கண்டவற்றை மட்டுமே இங்கே சாட்சியாக வைக்கிறேன்.

முதலில் அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். கூடாரம் அமைக்கும் தேர்வு கூடைப்பந்துத் திடலில் நடந்தது. சீமெந்துத் தரையில் முளை அடிக்க இயலாது என்பதால் கூடாரக் கயிறுகள் பிளாஸ்ரிக் கதிரைகளின் கால்களில் கட்டப்பட்டு, ஒவ்வொரு கதிரையிலும் ஒரு சிறுவன் உட்கார வைக்கப்பட்டான். கதிரைப் பையன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடாரம் சரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நிலத்தின் சரிவைப் பார்ப்பது, மழை வந்தால் நீர் எப்பக்கம் ஓடும் என்று கணிப்பது, மேலே காய்ந்த கிளையோ தேங்காயோ தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது ஆகியவைதாம் கூடாரம் அமைக்கும் தேர்வின் உயிர். சீமெந்துத் திடலில் இவற்றில் ஒன்றையேனும் சோதிக்க வழியில்லை. தீ மூட்டும் தேர்வுக்கு, சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் அக்கா ஏற்கனவே மூட்டியிருந்த விறகடுப்பின் பக்கத்தில் மூவர் மூவராக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். திசையறி கருவியைப் பயன்படுத்தும் தேர்வு மண்டபத்துக்குள் நடந்தது. நாற்புறமும் இரும்பு அலுமாரிகள் நின்ற அந்த அறையில் ஊசி எத்திசையைக் காட்டியதோ, அதுவே அன்றைக்கு வடக்கு.

முதலுதவிக்கு 40 நிமிட விளக்கப் படக்காட்சியும், அதன் முடிவில் 20 பல்தேர்வு வினாக்களும். நெஞ்சை நிமிடத்துக்கு எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்ற வினாவுக்கு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் 100 முதல் 120 வரை என்ற சரியான விடையைக் குறித்திருந்தார்கள். ஆனால், வளர்ந்த ஒருவரின் நெஞ்சு 5 சென்ரிமீற்றர் உள்ளே இறங்கும்படி அழுத்துவதற்கு எவ்வளவு பலம் வேண்டும், இரண்டு நிமிடம் கழியும் முன்னரே தோள்கள் எப்படிச் சோர்ந்து போகும், 30 அழுத்தங்களுக்குப் பின் இரண்டு மூச்சுக் கொடுக்கையில் தலையை எவ்வளவு சாய்த்தால் காற்று உள்ளே போகும் என்பவை வினாத்தாளில் இருக்க முடியாதவை. பயிற்சிப் பொம்மை ஒன்று கூட அன்று மண்டபத்தில் இருக்கவில்லை. ஒரே ஒரு தலையணை இருந்தது. அதையும் முன்வரிசையில் இருந்த நால்வரே தொட்டார்கள்.

இனி, இந்த மடலை எழுத வைத்த மாலை நேரத்துக்கு வருகிறேன்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், துருப்புக் கூட்டம் முடிந்து சீருடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த எங்கள் சிறுவன் ஒருவன், வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தைக் கண்டான். ஓட்டி வந்தவர் தூக்கி எறியப்பட்டு வீதியோரத்தில் கிடந்தார். வழமை போலக் கூட்டம் கூடிவிட்டது. யாரும் கிட்டே போகவில்லை. அந்த நேரத்தில் பழக்கடைக்காரர் ஒருவர் இவனுடைய கழுத்துப்பட்டியையும் கைச்சட்டையில் தைத்திருந்த சின்னங்களையும் பார்த்துவிட்டு, "வழி விடுங்கோ, சாரணர் பிள்ளை வந்திருக்கு, அவருக்குத் தெரியும்" என்று உரக்கச் சொன்னாராம். கூட்டம் வழி விட்டது. பதினான்கு வயதுப் பிள்ளை உள்ளே போனான். விழுந்து கிடந்தவரின் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றினான். இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தான். யாரோ நீட்டிய போத்தலை வாங்கித் தண்ணீர் பருக்கினான். நோயாளர் காவு வண்டிக்காக 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பது அவனுக்கு நினைவே வரவில்லை. கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து அந்த மனிதரை ஒரு முச்சக்கர வண்டிக்குள் மடக்கி ஏற்றி அனுப்பினார்கள்.

அந்த மனிதருக்குக் காறை எலும்புதான் முறிந்திருந்தது என்று பிறகு அறிந்தோம். கழுத்துப் பகுதி முள்ளந்தண்டு முறிந்திருக்குமானால், அந்தத் தூக்குதலும் இழுத்தலும் அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் போட்டிருக்கக்கூடும். அது நடவாமல் போனதற்கு எங்கள் பயிற்சி காரணமல்ல.

மறுவாரம் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "சேர், நான் செய்தது சரியா?" என்று கேட்டான். அவனுடைய ஜனவரி மாத வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். மூச்சுக்குத் தடையில்லாத வரை தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்ற விடையை அவன் சரியாகவே குறித்திருந்தான். விழுந்தவரை அசைக்காமல் தலையை இருகைகளாலும் நிலையாகப் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் சரியாகவே குறித்திருந்தான். 20 வினாக்களில் 17 சரி. அவனுடைய அட்டை, நான் கையெழுத்திட மறுத்த பதினொன்றில் ஒன்று.

இங்கே என் குற்றத்தையும் நான் மறைக்கக் கூடாது. கையெழுத்திட மறுத்தேனே தவிர, "தம்பி, உனக்கு இது இன்னும் தெரியாது, இந்தச் சின்னத்தை நம்பி யார் அருகிலும் போகாதே" என்று அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சபையோடு பிணக்கு வரும் என்று அஞ்சினேன். என் பேனாவைச் சுத்தமாக வைத்துக்கொண்டு பிள்ளையை வீதிக்கு அனுப்பியவன் நான்.

சின்னம் தருவதில் உள்ள பொறுப்பு எத்தகையது என்பதை அந்தப் பழக்கடைக்காரரின் சொல் எனக்கு விளங்க வைத்தது. சின்னம் இல்லாத ஒரு பிள்ளை அவ்விடத்தில் என்ன செய்திருப்பான்? ஒன்று, ஒதுங்கி நின்றிருப்பான். அல்லது பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டிருப்பான். இரண்டிலும் பெரிய கேடில்லை. சின்னம் அணிந்த பிள்ளையோ முன்னே தள்ளப்படுகிறான். ஊர் அவனை நம்புகிறது. அதைவிட, அவனே தன்னை நம்புகிறான். கற்பிக்காமல் சின்னம் கொடுப்பதைவிடச் சின்னமே கொடுக்காமல் விடுவது அந்தப் பிள்ளைக்கும் நல்லது, வீதியில் கிடப்பவருக்கும் நல்லது. நாங்கள் அட்டையில் இடும் கையெழுத்து, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவரின் உடம்பின் மேல் இடப்படுகிறது என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

முதலுதவியை மண்டபத்தில் பொம்மையோடு நன்றாகக் கற்பித்தால் போதாதா, அதற்கு ஏன் காடும் பாசறையும் என்று சபையின் உறுப்பினர் ஒருவர் என்னிடம் நேரில் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு 2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துப் பாசறையிலிருந்து பதில் சொல்கிறேன்.

அந்த முறை மருதானையில் களனிவெளிப் பாதைப் புகையிரதம் ஏறி வகை என்ற ஊரின் நிலையத்தில் இறங்கி, லபுகம நீர்த்தேக்கத்துப் பக்கமாக நடந்து, ஒரு றப்பர்த் தோட்டத்தின் மூலையில் உரிமையாளரின் அனுமதியோடு இரண்டு இரவுகள் தங்கினோம். கொழும்புப் பிள்ளைகள் தினமும் குழாயைத் திறந்து குடிக்கும் நீரில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்பதை அங்கேதான் கண்டார்கள். அட்டைக்கடியும் அங்கேதான் அறிமுகம். அலறிப் பிடுங்கிய பிள்ளைகளுக்கு, நகத்தை மெல்ல நுழைத்து அதன் வாயை விலக்கவும், பிறகு காயத்தைக் கழுவவும் மூத்த பிள்ளைகள் காட்டிக் கொடுத்தார்கள். கீறல் உள்ள காலோடு வயற்சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம் என்பதை, ஒரு வயலின் வரம்பில் நின்று சொன்னபோது யாரும் கொட்டாவி விடவில்லை.

இரண்டாம் நாள் மாலை 4 மணியளவில் வானம் கறுத்தது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எங்கள் பக்கத்து மாலைகள் இடி மின்னலுக்குப் பேர் போனவை. அணித் தலைவன் ஒருவன் மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட செக்கன்களை எண்ணத் தொடங்கினான். மூன்று செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் என்பது கணக்கு; இடைவெளி 30 செக்கனுக்குக் குறைந்தால் வெட்டவெளியிலும் மரத்தடியிலும் நிற்கக் கூடாது; கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரவும் கூடாது. யாரும் சொல்லாமலே அவன் தன் அணியை எழுப்பி, முதல் நாளே பார்த்து வைத்திருந்த தோட்டத்துக் களஞ்சியக் கட்டடத்துக்குள் கொண்டுபோனான். மற்ற அணிகள் பின்தொடர்ந்தன. நான் அப்போது சமையல் இடத்தில் பாத்திரங்களை மூடிக்கொண்டிருந்தேன்; உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் போன பிறகே எனக்கு உறைத்தது.

மழை விட்டபோது இருட்டிவிட்டது. விறகு முழுவதும் நனைந்திருந்தது. தென்னையின் பன்னாடையையும் சிரட்டையையும் களஞ்சியத்துத் தாழ்வாரத்தில் காய வைத்திருந்த அணியிடம் மட்டுமே தீ எரிந்தது. நனைந்த விறகின் உட்பகுதியை எடுப்பதற்காகக் கத்தியால் சீவிக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவனின் கத்தி வழுக்கி இடது உள்ளங்கையைக் கிழித்தது. இருட்டு, சேறு, அழுகை, இரத்தம். அவனுடைய அணித் தலைவனுக்கு வயது பதினைந்து. பிள்ளையை இருத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் காயத்தின் மேல் நேரடியாக அழுத்தினான். துணி நனைந்தபோது அதை எடுத்துப் பார்க்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்தான். எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி பீறிடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் கழுத்துப்பட்டியை மடித்துச் சுற்றி ரீஃப் முடிச்சுப் போட்டான். அந்த முடிச்சு தட்டையாகப் படியும், காயத்தை உறுத்தாது என்பதற்காகவே அதைக் கற்பிக்கிறோம்.

பிறகு அவன் செய்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாங்கள் இருந்த பள்ளத்தில் தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. இரண்டு பிள்ளைகளைத் தெரிந்து, ஒருவனைத் தனியே அனுப்பாமல், கையில் ஒரு துண்டுக் கடதாசியில் யாருக்கு என்ன நடந்தது, நாங்கள் எங்கே இருக்கிறோம், எந்தச் சந்தியில் இருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று எழுதிக் கொடுத்து மேட்டு வீதிக்கு அனுப்பினான். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் அந்த இடத்தை முதல் நாள் அவர்களே குறித்திருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் முச்சக்கர வண்டி ஒன்று வந்தது. வைத்தியசாலையில் ஆறு தையல். காயம் கட்டப்பட்டிருந்த விதத்தைப் பார்த்த தாதி, கட்டியது யார் என்று கேட்டார்.

சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை 2016 ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியிருக்கிறது. 1990 ஐ அழைத்தால் இலவசமாக வருகிறது. பெரிய வரம். ஆனால், அழைப்பவன் தான் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால்தான் அந்த வரம் பலிக்கும். வரைபடம் வாசிப்பது ஒரு சின்னத்துக்குரியது, முதலுதவி இன்னொரு சின்னத்துக்குரியது என்று அட்டையில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கலாம். அந்த இரவில் இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருந்தன. உதவி தொலைவில் இருக்கும்போதே முதலுதவிக்குப் பொருள் உண்டு. ஆகையால், உதவி தொலைவில் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிச் சென்று, பெரியவர்களின் கண்காணிப்போடு, அதைப் பழக்க வேண்டியிருக்கிறது. சாரணியத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1907 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதற் பாசறையிலேயே ஒரு நாள் உயிர்காத்தலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது என்பதும், அது கூடாரங்களுக்கு நடுவே கற்பிக்கப்பட்டது என்பதும் சபையில் எல்லோரும் அறிந்ததே. இலங்கையில் 1912 இல் மாத்தளையில் தொடங்கிய இயக்கம் அந்த வழியில் வந்தது.

பாசறையில் பழகியது வீட்டுக்கும் வந்து சேர்கிறது. எங்கள் துருப்பின் இன்னொரு பிள்ளை, அடுக்களையில் தங்கையின் கையில் கொதிநீர் ஊற்றுண்டபோது, பற்பசை தேடி ஓடிய பாட்டியை மறித்து, குழாய் நீரின் கீழ் அந்தக் கையை 20 நிமிடம் பிடித்திருந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பிடித்திருந்தானாம். பாட்டிக்கு இன்றும் அவன் மேல் கோபம் என்று தாயார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சுற்றறிக்கை சொல்லும் காரணங்களுள் முதலாவது பாதுகாப்பு. இதை நான் இலேசாகக் கருதவில்லை. ஆற்றில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் செய்தியை ஆண்டுதோறும் பத்திரிகையில் படிக்கிறோம். பெற்றோரின் அச்சத்தைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. எங்கள் பாசறைகளும் குறையற்றவை அல்ல. நான் மேலே சொன்ன அதே பாசறையில், முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் கத்தரிக்கோல் இல்லை. கையுறைகள் வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பெட்டிக்குப் பொறுப்பு நான். அன்றிலிருந்து ஒவ்வொரு பாசறைக்கும் முதல் வாரம் பெட்டியை விரித்து எண்ணிப் பார்க்கிறோம். குறையைக் கண்டு திருத்துவது ஒரு வழி; போவதையே நிறுத்திவிடுவது இன்னொரு வழி. இரண்டாவதில் சபைக்குக் கவலை குறையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால், பிள்ளைகள் பாசறைக்குப் போகாவிட்டாலும் நண்பர்களோடு நீர்வீழ்ச்சிக்குப் போகத்தான் போகிறார்கள். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் எரித்தாலும் ஆறு திடீரெனப் பெருகும் என்பதை அறியாமல் போவார்கள்.

இரண்டாவது காரணம் நேரம். சனி, ஞாயிறுகளில் ரியூஷன் வகுப்புகள், சாதாரண தரப் பரீட்சை, அதற்குள் மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, ஜனாதிபதிச் சாரணர் விருது என்ற ஓட்டம். ஜனாதிபதிச் சாரணர் என்ற பெயர் ஒரு விண்ணப்பப் படிவத்தில் எவ்வளவு அழகாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும்; நான் ஒரு பிள்ளையின் தகப்பனுந்தான். இருப்பினும், நீந்தத் தெரியாதவனுக்கு நீச்சல் சான்றிதழ் கொடுக்க எந்தப் பெற்றோரும் கேட்கமாட்டார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லாமல் நாங்களே முடிவெடுத்துவிட்டு, பெற்றோர் கேட்டார்கள் என்று சுற்றறிக்கையில் எழுதுவது முறையன்று. நான் பேசிய பெற்றோரில் பலர், பாசறை நிறுத்தப்பட்டதையே அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் அறிந்தார்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஜனவரியில் வழங்கிய குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் மொழி மூலம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் அந்தச் சொற்களை மனனம் செய்து எழுதினார்கள். எங்கள் நகரத்தின் வீதியில் விழுந்து கிடப்பவர் தமிழராகவும் இருக்கலாம், சிங்களவராகவும் இருக்கலாம். பழைய பாசறைகளில் "கொஹேத ரிதென்னே" என்று கேட்கப் பழக்குவோம். எங்கே நோகிறது என்று அவருடைய மொழியில் ஒரு பிள்ளை கேட்டால், வலியில் துடிப்பவரின் முகமே மாறும். அதுவும் முதலுதவியின் பகுதியே.

இனி, சபையிடம் நான் கேட்பவை.

சுற்றறிக்கையில் பாசறைகளை நிறுத்தும் பந்தியையும், ஒரே நாளில் மண்டபத் தேர்வு நடத்தும் பந்தியையும் அடுத்த சபைக் கூட்டத்திலேயே நீக்க வேண்டும். ஜனவரியில் தேறியதாகப் பதிவான 27 பிள்ளைகளுக்கும் மூன்று மாதங்களுக்குள் வெளிக்களத்தில் மறுதேர்வு நடத்த வேண்டும். அதுவரை முதலுதவிச் சின்னத்தை அணியாதிருக்கும்படி அவர்களிடம் சொல்ல வேண்டும். பிழை அவர்களுடையதல்ல, எங்களுடையது என்பதையும் பெரியவர்களாகிய நாங்களே துருப்பின் முன் நின்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நான் முதலாவதாக முன்வருவேன்.

ஆண்டுக்கு இரண்டு பாசறைகளாவது, கொழும்பிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள், இரவு தங்குவதாக நடத்தப்பட வேண்டும். அதற்குரிய நிபந்தனைகளைச் சபை எவ்வளவு கடுமையாக விதித்தாலும் வரவேற்பேன்: முதலுதவிப் பயிற்சி பெற்ற பெரியவர்கள் இருவருக்குக் குறையாமல் இருப்பது, அருகிலுள்ள வைத்தியசாலைக்கான பாதையை முன்கூட்டியே ஒருவர் போய்ப் பார்த்து வருவது, வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையோ இருந்தால் கேள்விக்கு இடமின்றி ஒத்திவைப்பது, பொறுப்பானவர் இல்லாமல் எவரும் நீரில் இறங்காதிருப்பது. இவற்றை எழுத்தில் வைத்து, பெற்றோரின் சம்மதக் கடிதத்தோடு இணைத்து அனுப்பலாம்.

முதலுதவித் தேர்வை எங்கள் துருப்பின் தலைவர்களாகிய நாங்கள் நடத்தாமல், செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்பியூலன்ஸிலோ பயிற்றுநராக உள்ள வெளியார் ஒருவரைக் கொண்டு நடத்த வேண்டும். வினாத்தாள் இருக்கட்டும்; ஆனால், நடித்துக் காட்டப்படும் விபத்து ஒன்றில், முன்னறிவிப்பின்றி, பிள்ளை தன் கைகளால் செய்வதைப் பார்த்தே தேர்ச்சி முடிவாக வேண்டும். நெஞ்சழுத்தப் பயிற்சிக்கு ஒரு பொம்மையை வாங்கவோ இரவல் பெறவோ பணம் ஒதுக்க வேண்டும். சாரணர்களின் "வேலை வாரத்தில்" பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று உழைத்துக் கொண்டு வந்த பணத்தில் துருப்புக்கு உரிய பங்கு எப்படிச் செலவாகிறது என்பதையும் அதே கூட்டத்தில் கேட்பேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையும் இதை மறுபடி செய்து காட்ட வேண்டும்.

குறிப்புகள் தமிழில் தரப்பட வேண்டும். அவசரத்தில் கேட்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு சிங்கள வாசகங்கள் தமிழ் எழுத்தில் அதனோடு சேர்க்கப்பட வேண்டும். இதைத் தொகுத்து இரண்டு வாரங்களில் சபையிடம் ஒப்படைக்க நானும் என் நண்பர்கள் இருவரும் தயாராக இருக்கிறோம்.

கண்ணால் பார்க்காத தேர்வுக்கு எவரும் கையெழுத்திடக் கூடாது என்ற விதி எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு கையெழுத்தின் அருகிலும் தேர்வு நடந்த நாளும் இடமும் குறிக்கப்பட வேண்டும். ஒரு தேர்வாளர் மறுத்த அட்டை இன்னொருவரிடம் போவதாயின், மறுப்புக்கான காரணமும் அதனுடன் போக வேண்டும்.

இந்த மடலுக்கான பதிலை 30 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். பெற்றோரையும் அணித் தலைவர்களையும் அழைத்து ஒரு கூட்டம் வைக்குமாறும், தலைக்கவசத்தைக் கழற்றிய அந்தப் பிள்ளை விரும்பினால் அங்கே பேச அவனுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உதவிச் சாரணத் தலைவர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு.